மரகதத்தின் தொட்டிகள்

தொட்டியின் விளிம்பில் இரண்டு தட்டு தட்டினால் மண் விட்டுவிடும் என்பாள் மரகதம். நான் ஆறு தட்டு தட்டிவிட்டேன், விடவில்லை. செம்பருத்தி. எட்டு வருஷமாக ஒரே தொட்டியில் இருக்கிறது, அடி ஓட்டை வழியாக வேர் வெளியே வந்து கறுத்துக் காய்ந்துபோயிருக்கிறது. இன்னும் ஒரு தட்டு. முழங்கால் வலிக்கிறது, அறுபத்தெட்டு வயசில் மண்ணில் குந்தினால் வலிக்கத்தான் செய்யும். குடியிருப்பின் கேட்டுக்குப் பக்கத்தில், வாட்ச்மேன் அறைக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவே, போன வாரம் வரைக்கும் உடைந்த டைல்ஸ் கொட்டிக் கிடந்த இடம் இது. இப்போது செங்கல்லைச் சாய்த்து நட்டு வெள்ளையடித்து, செம்மண்ணும் மாட்டெருவும் கலந்து கொட்டி, பாத்தியாக்கிவிட்டார்கள். ஓரத்தில் ஒரு பலகை. துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறார்கள், ஒன்பது மணிக்குத் திறக்கிறார்களாம். ஆனால் ஜம்புநாதன் நேற்றே எனக்குக் காட்டிவிட்டார். சங்கச் செயலாளர் அவர், சந்தோஷத்தை அடக்கி வைக்கத் தெரியாத மனிதர். 'மரகதம் சபாபதி நினைவுப் பூந்தோட்டம்.' அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'தாயினும் மேலாகப் பார்த்துக்கொண்ட அன்புக் கணவரின் காணிக்கை.' தாயினும் மேலாக. நேற்று சாயங்காலத்திலிருந்து அந்த இரண்டு வார்த்தையும் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி இருக்கிறது, நாக்கு அங்கேயே போகிறது. எடுத்துவிடுங்கள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பார். அதற்குப் பயந்து "நல்லா இருக்கு" என்றேன். நல்லா இருக்கு. அந்த வாய்க்கு வேறு வேலை இல்லை.

விட்டது. தொட்டி கையோடு வந்துவிட்டது, மண் அப்படியே தொட்டியின் உருவத்திலேயே நிற்கிறது, சுற்றிச் சுற்றி ஒரே வேர். வெளியே போக வழியில்லாமல் ஒரே இடத்தில் எட்டு வருஷம் சுற்றியிருக்கிறது. விரலால் கொஞ்சம் பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பாத்தியில் வைத்தாலும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். எல்லாம் அவள் சொன்னதுதான். நான் ரயில்வேயில் கூட்ஸ் கார்டாக முப்பத்திரண்டு வருஷம், வாரத்தில் நாலு நாள் விழுப்புரம், காட்பாடி என்று கடைசிப் பெட்டியில் உட்கார்ந்திருந்தவன், வீட்டுக்கு வந்தால் சோறு, தூக்கம். அவள் பால்கனியில் செடியோடு பேசிக்கொண்டிருப்பாள். யாரோடு பேசறே என்று உள்ளேயிருந்து கத்துவேன். "உங்களோட இல்ல" என்பாள். சிரிப்பேன். அப்போது அது சிரிப்பாக இருந்தது. "சார், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, கயலுக்கு அனுப்பணும்ல," ஜம்புநாதன் செல்போனை நீட்டிக்கொண்டு என்னைச் சுற்றி வருகிறார். புனேயில் இருக்கிற என் மகளிடம் அவரே பேச, அவளே பலகைக்கு வாசகம் சொல்லியிருக்கிறாள். ஆக தாயினும் மேலாக என்பது கயலின் வார்த்தை. தாய் என்றால் என்ன என்று தெரிந்தவள் எழுதியது. திரும்பினேன். சிரித்தேன்கூட. மண் கையோடு, மனைவியின் செம்பருத்தியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு நல்ல புருஷன் எப்படிச் சிரிப்பானோ அப்படி.

"சார், அது நடுவுல வேண்டாம், ஓரமா வைங்க. அது மேல ஏறிடும், மத்ததுக்கு வெயில் படாது." ஆரோக்கியமேரி. முதல் மாடி, என் வீட்டுக்கு நேர் கீழே. ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ், நாங்கள் எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். பழைய புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, கையில் கொத்துக் கரண்டியோடு எதிரே உட்கார்ந்துவிட்டார். கேட்காமலே குழி தோண்டுகிறார். "சாயங்காலமா வச்சிருக்கணும். காலைல வச்சா வதங்கும்." ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாருக்கும் வசதி என்றேன். "செடிக்கு ஏது ஞாயிறு," என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஏப்ரலிலிருந்து நான் அவர் முகத்தை நேராகப் பார்த்ததே இல்லை, காது, தோள், கழுத்துச் சங்கிலியில் இருக்கிற சிலுவை, இப்படி எதையாவது பார்த்துப் பேசிப் பழகிவிட்டேன். அவருக்குத் தெரியுமா. தெரிந்தால் இப்படி வந்து எதிரே உட்காருவாரா. தெரியாமல்தான் தினமும் வந்தாரா. தெரியாது. தெரிந்திருந்தால் ஏதாவது ஒரு நாள், ஒரு பார்வையாவது. ஆனால் அன்றைக்கு வாசலில் அந்தக் கண்கள் என் தோளைத் தாண்டி உள்ளே போனதை நான் பார்த்தேன். எவ்வளவு நேரம், இரண்டு விநாடி. இரண்டு விநாடியில் ஒரு நர்ஸ் எவ்வளவு பார்த்துவிடுவாள். நான் கார்டு, இரண்டு விநாடியில் ஒரு ஸ்டேஷனில் கொடி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிடுவேன். அவரும் பார்த்திருப்பார். இல்லை, கதவை நான் பாதிதான் திறந்திருந்தேன். பாதி. பாதிக்கும் கொஞ்சம் கூட.

அடுத்தது நந்தியாவட்டை. இது பெயிண்ட் வாளியில் இருக்கிறது, தட்டவே வேண்டாம், அமுக்கினால் வந்துவிடும். போன நவம்பரில் மரகதம் இதன் பக்கத்தில்தான் விழுந்தாள். வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரே நிமிஷத்தில் போயின. டாக்டர் சொன்னார், சில பேருக்கு ஒரு வார்த்தை மட்டும் தங்கிவிடும், எதைச் சொல்ல நினைத்தாலும் அதுதான் வரும் என்று. மரகதத்துக்குத் தங்கியது 'தண்ணி'. பசித்தால் தண்ணி, பாத்ரூம் போக வேண்டுமென்றால் தண்ணி, கயல் போனில் அழுதால் தண்ணி, தண்ணி என்று சமாதானம். நான் டம்ளரை நீட்டுவேன், தலையை ஆட்டிவிட்டு மறுபடி தண்ணி என்பாள். அப்போதெல்லாம் நான் கோபப்பட்டதில்லை. இது உண்மை, இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். குளிப்பாட்டினேன், சோறு பிசைந்து ஊட்டினேன், ஆள் வைத்துக்கொள்ளலாமே என்று கயல் சொன்னபோது அவசியமில்லை என்றேன். வீடு வீடாக அதைத்தான் பேசினார்கள், சபாபதி சாரைப் பார் என்று. மாடிப்படியில் என்னைப் பார்த்தால் பெண்கள் ஒதுங்கி வழி விடுவார்கள், கோயில் பூசாரிக்கு விடுவதைப்போல. எனக்கு அது பிடித்திருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும், பிடித்திருந்தது. பிப்ரவரியில் ஒரு நாள் அவள் தண்ணி என்றபோது கண் பால்கனிப் பக்கம் போவதைப் பார்த்தேன். செடியெல்லாம் தொங்கிப் போயிருந்தது. போய் ஊற்றினேன். அன்றைக்கு ராத்திரி வரைக்கும் அவள் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. ஆக எனக்குத் தெரியும். பிப்ரவரியிலிருந்தே தெரியும். தெரிந்த பிறகுதான் என் மனசு கெட்டது. ஒரே ஒரு வார்த்தை மிச்சம் இருக்கிறது இவளுக்கு, அது செடிக்காக இருக்கிறது. முப்பத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்தவனுக்கு, மலம் அள்ளுகிறவனுக்கு, ஒரு 'ஏங்க' மிச்சம் இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, எனக்கே முழுசாகச் சொன்னதில்லை. செடியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அதன் பிறகு அவள் தண்ணி என்றால், பால்கனியைப் பார்த்துச் சொன்னாலும், புரியாதவன் மாதிரி டம்ளரையே நீட்டினேன். வாய்க்குப் பயிற்சி, 'செடி' என்று சொல்லவைக்கிறேன் என்று எனக்கு நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். "செடின்னு சொல்லு. செ-டி. சொல்லு பாக்கலாம்." அவள் என் வாயையே பார்ப்பாள். உதட்டைக் குவிப்பாள். தண்ணி.

குழி போதாது, வேர் மேலே நிற்கிறது. சிஸ்டர் இன்னும் கொஞ்சம் தோண்டிக் கொடுக்கிறார், எருவைப் போட்டுக் கையால் கலக்குகிறார், நகத்தில் சாணி. ஏப்ரல் பதினேழு, மத்தியானம் மூன்று பத்து. மணி பார்க்கிற பழக்கம் போகவில்லை எனக்கு, எது நடந்தாலும் கண் கடிகாரத்துக்குப் போகும். அவளை நாற்காலியில் வைத்துப் பால்கனிக் கதவோரம் உட்கார்த்தியிருந்தேன். சாப்பிடவில்லை அவள், துப்பிவிட்டாள். தண்ணி. டம்ளர். தள்ளிவிட்டாள். தண்ணி. டம்ளர். தண்ணி. ரோஜா காய்ந்துகொண்டிருந்தது, இதோ வரிசையில் மூன்றாவதாக இருக்கிறதே இந்த ரோஜாதான், இலை சுருண்டு. தண்ணி தண்ணி தண்ணி. நான் ஜக்கை எடுத்து "இந்தா தண்ணி" என்று முகத்தில் அடித்தேன். ஊற்றவில்லை, அடித்தேன், வீசி. ஜக்கு நிறைய. தினமும் நினைப்பில் இதுவரைக்கும் வருகிறேன், இந்த இடத்தில் மனசு திரும்பிப் பக்கத்துப் பாதையில் போய்விடும், போன் பில், கேஸ் புக்கிங் என்று எதையாவது யோசிக்கும். இன்றைக்குக் கையில் மண் இருப்பதாலோ என்னவோ போகவில்லை. மூச்சு வாங்கினாள். கண்ணைத் திறந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழுதிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன், விழுந்திருப்பேனா, தெரியாது. அவள் அழவில்லை. மடியில் புடவைப் பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. இடது கையை அதில் விட்டு, விரலைக் குவித்து, அள்ளி, ரோஜாத் தொட்டிப் பக்கம் தெளித்தாள். எட்டவில்லை. மறுபடி அள்ளினாள். மறுபடி எட்டவில்லை. மூன்றாவது தடவை நாலு சொட்டு தொட்டியில் விழுந்தது. என்னைப் பார்க்கவே இல்லை. நான் ஒருவன் அங்கே ஜக்கோடு நிற்கிறேன் என்பதே அவளுக்குக் கணக்கில்லை. அப்போதுதான் காலிங் பெல் அடித்தது. சிஸ்டர். பால்கனித் தண்ணீர் கீழே சொட்டி, காயப்போட்டிருந்த அவருடைய வெள்ளை யூனிஃபாரமெல்லாம் அழுக்குக் கோடாம். "செடிக்கு ஊத்தினேன் சிஸ்டர், கொஞ்சம் கூடிப்போச்சு, மன்னிச்சுக்குங்க." அப்படி ஒரு பொய் எவ்வளவு சுலபமாக வந்தது. பாதிக் கதவு. அந்த இரண்டு விநாடி. "பரவால்ல சார்" என்று போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கஞ்சியோடு வந்தார். அதற்கு மறுநாளும். ஜூன் ஐந்தாம் தேதி மரகதம் போகிற வரைக்கும் நாற்பத்தொன்பது நாள், ஒரு நாள் தவறாமல். அந்த நாற்பத்தொன்பது நாளும் மரகதம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டர் இன்னொரு சின்ன அடைப்பாக இருக்கலாம் என்றார். இருக்கலாம். நான் அந்த 'இருக்கலாம்' என்பதைப் பிடித்துக்கொண்டு நாலு மாசமாக உயிரோடு இருக்கிறேன்.

"சார், வேரை அவ்ளோ பிய்க்காதீங்க." என் கையைப் பார்த்தேன். ரோஜாவின் வேரைப் பாதி பிய்த்துவிட்டிருந்தேன். சிஸ்டர் அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக் குழியில் வைத்தார், இரண்டு பக்கமும் மண்ணைத் தள்ளி அமுக்கினார். எதிரே அத்தனை பேர், ஜம்புநாதனின் மனைவி கேசரி டப்பாவைத் திறந்து வைக்கிறார், யாரோ சிரிக்கிறார்கள். நான் தலையைத் தூக்காமல் கேட்டேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அன்னைக்கு நீங்க பாத்தீங்களா சிஸ்டர்?" எந்த அன்றைக்கு என்று அவர் கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன். கேட்கவில்லை. மண்ணை அமுக்கிக்கொண்டே, "பாத்தேன் சார்," என்றார். "தலை நனைஞ்சிருந்துச்சு. அது குளிப்பாட்டுற நேரமில்ல, பக்கத்துல துண்டும் இல்ல." "அப்ப ஏன் கேக்கல?" "கேட்டா கதவச் சாத்திடுவீங்க. அப்புறம் நான் எப்படி உள்ள வர்றது?" கரண்டியால் ஒரு கல்லைத் தோண்டி எடுத்துத் தள்ளி வைத்தார். "அதான் கஞ்சி கொண்டாந்தேன். பிரஷர் பாக்குறேன்னு கையப் பாத்தேன், பவுடர் போடுறேன்னு முதுகப் பாத்தேன். தினமும் பாத்தேன்." அவர் வந்த ஒவ்வொரு நாளும் நான் டீ போட்டுக் கொடுத்திருக்கிறேன். சர்க்கரை கம்மியாக, இஞ்சி தட்டி. அன்பான பெண், கிறிஸ்தவர்களுக்கே உள்ள இரக்கம் என்று கயலிடம் போனில் சொல்லியிருக்கிறேன். என்னைக் காவல் காக்க வந்தவருக்கு இஞ்சி தட்டியிருக்கிறேன். "ஒரு அடையாளமும் இருந்ததில்ல," என்றார். "அதையும் சொல்லணும்ல. படுக்கைப் புண்கூட இல்ல. எங்க வார்டுலயே அப்படி யாரும் பாக்க மாட்டாங்க." அது எனக்கு ஆறுதலா? இல்லை, அவர் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, ஒரு ரிப்போர்ட் எழுதுவதுபோல இரண்டு பக்கமும் சொன்னார். "அந்த ஒரு தடவைதான் சிஸ்டர். சத்தியமா." "தெரியும் சார்." "அவ அதுக்கப்புறம் பேசல." டாக்டரைப்போல 'இருக்கலாம்' என்றுகூட அவர் சொல்லவில்லை. அப்போதுதான் முதன்முதலாக அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். களைத்த முகம். கோபம் இல்லை, மன்னிப்பும் இல்லை.

"சார், வாங்க, மணி ஒன்பதாச்சு, பலகையத் திறந்துட்டு ரெண்டு வார்த்தை பேசிடுங்க." ஜம்புநாதன் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். கால் மரத்துப்போயிருந்தது. துண்டை எடுத்தேன். கைதட்டினார்கள். தாயினும் மேலாக. வெயில் பட்டுப் பளபளவென்று இருந்தது பெயிண்ட். பதினைந்து பேர் இருப்பார்கள், எல்லாரும் குளித்துவிட்டு நல்ல உடுப்பில். ஜம்புநாதன் செல்போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து வீடியோவைப் போட்டுவிட்டுத் தலையை ஆட்டினார், ஆரம்பிங்க என்று. நன்றி என்று ஆரம்பிக்கத்தான் நினைத்திருந்தேன், நேற்று ராத்திரியே மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன், சங்கத்துக்கு நன்றி, எல்லாருக்கும் நன்றி. "மரகதம் தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே இருப்பா, உங்களுக்கெல்லாம் தெரியும்," என்றேன். சில பேர் தலையசைத்தார்கள், ஒரு அம்மாள் முந்தானையைக் கண்ணுக்கு எடுத்தார். "அவளுக்கு இல்ல, இந்தச் செடிங்களுக்கு. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தேன். ஏப்ரல் பதினேழாந் தேதி மத்தியானம், கையும் வராம பேச்சும் வராம உக்காந்திருந்தவ மூஞ்சில ஒரு ஜக்குத் தண்ணிய வீசி அடிச்சேன். அதுக்கப்புறம் அவ சாகுற வரைக்கும் வாயத் திறக்கல. இந்தப் பலகைல இருக்கிறது பொய். அதை எடுத்துடுங்க." "அவ்வளவுதான்," என்றேன். யாரோ பழக்கத்தில் கைதட்ட ஆரம்பித்து நிறுத்தினார். முந்தானை எடுத்த அம்மாள் அதைக் கண்ணிலேயே வைத்திருந்தார், எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல். "பாவம், இன்னும் தாங்க முடியல அவருக்கு," என்றது ஒரு குரல். "இவ்வளவு செஞ்சும் பத்தலன்னு நினைக்கிறாரு பாருங்க." பெரிய மனசு என்றார் இன்னொருவர். நான் சொன்னதை எடுத்துத் துடைத்து மறுபடி என் மேலேயே மாலையாகப் போடப் பார்க்கிறார்கள். இல்லை, எல்லாரும் இல்லை. மூன்றாவது மாடி ஆசிரியை ஒருத்தர் என்னைப் பார்த்தபடியே நின்றார், பிறகு கேசரி வாங்காமல் படியேறிப் போய்விட்டார். அவர் போனது எனக்கு வலித்தது. வலித்தாலும், ஒருத்தராவது கேட்டார்களே என்று இருந்தது.

ஜம்புநாதன் என்னை மோட்டார் ரூம் ஓரமாக அழைத்துக்கொண்டு போனார். முகம் வியர்த்திருந்தது அவருக்கு. "சார், ஏதோ மனசு கஷ்டத்துல பேசிட்டீங்க. நான் கடைசில வர்றத வெட்டிட்டு கயலுக்கு அனுப்பிடறேன். செடி வைக்கிறது, துண்ட எடுக்கிறது வரைக்கும் போதும். என்ன?" நல்ல மனிதர். அவர் சொல்கிற வழி அகலமாக, சுத்தமாக இருந்தது, அதில் நடந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. கயல் இன்று மத்தியானம் அதைப் பத்துத் தடவை போட்டுப் பார்ப்பாள், மாமியாரிடம் காட்டுவாள், எங்கப்பா என்பாள். "வெட்டாதீங்க," என்றேன். "சார், பொண்ணு சார் அது." "அதனாலதான்." அவர் என்னையே பார்த்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒற்றை விரலால் மெதுவாக எதையோ அழுத்தினார். போயிடுச்சு சார் என்றார். திரும்பி வந்து பாத்தி ஓரத்தில் உட்கார்ந்தேன். சிஸ்டர் நிறுத்தவே இல்லை, கனகாம்பரத்தையும் இட்லிப்பூவையும் வைத்து முடித்துவிட்டிருந்தார். இன்னும் ஐந்து தொட்டி. ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். தட்டினேன். கவிழ்த்தேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும், இருபதும் இருக்கலாம், நான் மணி பார்க்கவில்லை. சட்டைப் பையில் போன் அடித்தது. வேட்டியில் கையைத் துடைத்து எடுத்தேன்.

"அப்பா."

"சொல்லும்மா."

பின்னால் அவள் வீட்டுக் குக்கர் சத்தம் போட்டது. யாரோ அதை அணைத்தார்கள்.

"ஏப்ரல் பதினேழு என் கல்யாண நாள்ப்பா. நான் அன்னைக்குச் சாயங்காலம் போன் பண்ணினேன். அம்மா முகத்தைக் காட்டுங்கன்னேன். தூங்கறான்னு சொன்னீங்க."

"ஆமா."

"தூங்கினாளா?"

"இல்லம்மா. முழிச்சிருந்தா. பக்கத்துலதான் உக்காந்திருந்தா."

அவள் மூச்சு மட்டும் கேட்டது. அழுகிறாளா என்று போனைக் காதோடு அழுத்திக் கேட்டேன், தெரியவில்லை.

"வச்சிரட்டுமாப்பா?" என்றாள்.

"வைம்மா."

அவள் வைக்கவில்லை.